எட்டு கிலோ என்று போட்டிருக்கிறது

பர்கூர் சாலையில் எடைமேடையில் எனக்கு வேலை.
கிரானைட் கல்லோடு லாரி ஏறும், இறங்கும்.
எண்ணை அச்சடித்து நீட்டுவேன்.
எண்ணை நம்பித்தான் பதினோரு வருஷச் சோறு.

அதனால்தான்
காவேரிப்பட்டணத்துக் கடையில் அம்சவேணி
தங்கூசி உருளையைத் திருப்பிக் காட்டி
‘எட்டு கிலோ தாங்கும்ணா’ என்றபோது
நான் தலையாட்டவில்லை.
யார் நிறுத்தது? ஈரத்திலா, காய்ந்தா?
முடிச்சோடவா, முடிச்சில்லாமலா?

‘மீனே கேக்காத கேள்வி’ என்று
மிச்சச் சில்லறையை எண்ணினாள்.

மொட்டைமாடிக் குழாயில் வாளியைத் தொங்கவிட்டுச்
சொம்பு சொம்பாய் ஊற்றிப் பார்த்தேன்.
முடிச்சில்லாமல் சுற்றி மட்டும் விட்ட நூல்
எட்டரை வரை போனது.
அவசரமாய்க் கட்டியது
ஐந்தில் பட்டென்றது.
எச்சில் தொட்டு, மெல்ல இறுக்கியது
ஆறே முக்கால்.
போன கோடை முழுக்க
பைக் பெட்டியில் வெந்து கிடந்த பழைய உருளை
மூன்றைக்கூடப் பார்க்கவில்லை.
ஒவ்வொரு தடவையும் கீழ்வீட்டுத் துணி நனைந்தது.
அந்தக் கணக்கு தனி.

வாளி சும்மா தொங்கும். மீன் தொங்காது.
தண்ணீருக்குள் அதற்கு எடை என்று பெரிதாய் எதுவுமில்லை.
வாலை ஒரு வெட்டு வெட்டித் திரும்பும் பாருங்கள்,
மேடையில் பிரேக் அடித்து நிற்கும் லாரிபோல
எண் ஒரு நொடி எகிறும்.
அந்த ஒரு நொடிக்குத்தான் நூல் வாங்குகிறோம்.

‘அப்போ தடியா வாங்கு’ என்பான் ஜபருல்லா.
தடி நூலை அணையின் தெளிந்த தண்ணீரில்
கட்லா பார்த்துவிடும்.
களி உருண்டையை முகர்ந்துவிட்டு
மாப்பிள்ளை வீட்டார்போலத் திரும்பிப் போகும்.

அவனே ஓசூரிலிருந்து பின்னல் நூல் கொண்டுவந்தான்.
மயிரிழைதான், முப்பது கிலோ தாங்குமாம்.
ஒகேனக்கலில், ஊட்டமலைக்குக் கீழே,
முள் பாறை இடுக்கில் மாட்டியது.
உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றி
இழுத்தான்.

பாறை அசையவில்லை.
நூலும் அறவில்லை.
நடுவில் இருந்தது அவன் கை.

பென்னாகரம் ஆஸ்பத்திரியில் நான்கு தையல்.
‘என்ன மீனு?’ என்றார் நர்ஸ்.
‘கல்லு’ என்றான்.
பிறகு, ஊசி நுழையும்போது பல்லைக் கடித்துக்கொண்டு:
‘சிஸ்டர், இந்த நூல் எத்தனை கிலோ?’

இப்போது பெரிய நூல் எட்டு.
முள்ளுக்கு மேலே ஒரு முழம் மட்டும் ஐந்து.
அறுவதென்றால் அங்கே அறட்டும்.
ஐம்பது அடி நூலைத் தண்ணீரில் விட்டுவந்து
எந்த நீர்க்காகத்தின் காலையும் கட்டிப்போட வேண்டாம்.
கிளம்பும்முன் அந்த ஒரு முழத்தை
நகத்தால் நெருடிப் பார்ப்பேன்.
சொரசொரப்பு தட்டினால் வெட்டி எறிந்து
புதிதாய்க் கட்டுவேன்.

போன ஞாயிறு கே.ஆர்.பி. அணை.
மதகுக்கு இந்தப் பக்கம், வெயில் ஏறுமுன்.
ராட்டு கிறீச்சிட்டது.
விட்டேன், சுற்றினேன், விட்டேன்.
ஒரு முதுகு மட்டும் பழுப்பாய் மேலே வந்து போனது.
பிறகு நூல் லேசானது.

அறுந்த இடம் நான் குறித்த இடம்தான்.

‘ஏழு கிலோ, அல்லா மேல ஆணை’
என்றான் ஜபருல்லா, தையல் போட்ட கையை நீட்டி.
ஐந்தா, ஏழா, இல்லை
இரண்டு கிலோ மீனின் கோபமா?

நான் எடைமேடைக்காரன்.
ஏறாத வண்டிக்குச் சீட்டு கிழிக்க மாட்டேன்.