இரண்டு கட்டை

இம்முறை பாட்டை
இரண்டு கட்டைக்கு இறக்கச் சொல்லிவிட்டார்கள்.
சட்பரியில் சனிக்கிழமை,
மைனஸ் இருபத்தாறு.
அரங்கின் பின்கதவுக் கைப்பிடியில்
யாரோ மாட்டிவிட்டுப் போன ஒற்றைக் கையுறை.

நான் கிட்டார்களுக்குச் சுருதி சேர்ப்பவன்.
டின் ரெகாட்டாவை
முகங்களால் அல்ல,
கம்பியின் முறுக்கத்தால் தெரியும்.

எண்பத்தெட்டு, டொரன்டோ: ஐந்து கட்டை.
பதினாறாயிரம் பேர்.
நான் வந்து ஐந்து மாதம்,
கூட்டம் கலைந்த பின் பியர்க் குவளை பொறுக்குகிற வேலை.
‘ஹெஸ்ஸிலுக்குப் போகும் கடைசி பஸ்’ பாட்டில்
எனக்கு விளங்கிய ஒரே சொல் பஸ்.
முடிவில் டெரெக் ஹாலம் தூக்கி எறிந்த அந்த மேல்ஸ்தாயி
கீழே வந்ததா இல்லையா என்று
விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டே
கூட்டினேன்.

தொண்ணூற்றொன்பது, கிச்சினர்: நாலு.
கீபோர்ட்காரர் வழக்குப் போட்டு விலகியிருந்தார்.
பெயரில் பாதி அவருடையதாம்,
சுவரொட்டியில் வெறும் ‘ரெகாட்டா’.
புதுப் பாட்டுகளின்போது சனம் எழும்பி
பியர் வாங்கப் போனது.
நான் கேபிள் சுருட்டினேன்.

மூன்று கட்டையை நான் கேட்கவில்லை.
அது ஏதோ உல்லாசக் கப்பலில்,
இரவுச் சாப்பாட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில்.

வழக்கு முடிந்து
பெயரின் மற்றப் பாதி திரும்பியது.
தலைமுடி திரும்பவில்லை.

இன்று டிரம்ஸ் வாசிக்கும் ராய்
முதுகுக்கு ஒரு தலையணை கேட்டார்.
டெரெக் வெந்நீர் கேட்டார்.
எங்கள் மொழியில்
சுருதிக்கும் விறகுக்கும் இந்த உடம்புக்கும்
ஒரே சொல்தான் என்றேன்.
ஊதிக் குடித்தபடி கேட்டார்:
“அப்ப நீ எதை இறக்குகிறாய்?”

மூன்றாம் சரணத்தில் மின்சாரம் போனது.
வெளியேறும் வழியின் சிவப்பு மட்டும்.
கிட்டார்கள் சட்டென வெறும் மரம்.
ராய் நிறுத்தவில்லை.
இருட்டுக்குள் நானூறு பேர்,
சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள்,
இரவு வேலைக்கு விடுப்புச் சொன்ன நர்ஸ்மார்,
பாட்டை எடுத்துக்கொண்டார்கள்.
சாய்ந்துகொள்ளச் சுருதி இல்லை.
அரைஅரையாக ஏறினார்கள்.
கடைசி வரிக்கு வந்தபோது
என் காது சொன்னது: ஐந்து.
பிசிறடித்து, கிழிந்து,
ஆனாலும் ஐந்து.

டெரெக் வாயைத் திறந்தார்.
மூடினார்.
தவறவிட்ட பஸ்ஸின் ஜன்னலோரத்தில்
தன்னையே கண்டவர்போல நின்றார்.

வெளிச்சம் வந்தது.
ஏனென்று தெரியாமல்
ஐந்தில் சேர்த்து வைத்திருந்த உபரி கிட்டாரை
தூக்கிக் காட்டினேன்.
அவர் தலையாட்டி மறுத்து
விரல் இரண்டைக் காட்டினார்.

முதலிலிருந்து தொடங்கியது.
முழங்கால் நோவுக்காரரை மாடிப்படியில்
கைத்தாங்கலாய்க் கூட்டி வருவதுபோல
சனமும் கூடவே இறங்கியது,

பின்வரிசையில் ஒருத்தியைத் தவிர.
அவள் கடைசிவரை ஐந்திலேயே நின்றாள்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.