சறுக்கு சுடுகிறதா: ஆம் / இல்லை

மாநகராட்சி கொடுத்த அட்டையில்
பதினெட்டுப் பூங்காவுக்குப் பதினெட்டுத் தாள்.
ஒவ்வொரு தாளிலும் நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் ஐந்து வயதுக்கு உட்பட்டோர்,
அந்தப் பக்கம் ஆறு முதல் பன்னிரண்டு.
தாளுக்கு நூற்றிருபது ரூபாய்.
பஸ் காசு என்னுடையது.

பெருமாள்புரத்தில் தகரச் சறுக்கு.
பதினோரு மணிக்குப் பின்னங்கையை வைத்தேன்,
தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி.
ஆம் என்பதைச் சுழித்தேன்.
எத்தனை மணிக்கு ஆறும் என்று தாள் கேட்கவில்லை,
நான் கேட்டேன்.
வாட்ச்மேன் பலவேசம் சொன்னார்:
“அஞ்சரைக்கு ஆறிரும்.
அஞ்சரைக்கு நான் கேட்டப் பூட்டிருவேம்லா.”

மகாராஜநகர் ஏணியில்
படிக்கும் படிக்கும் நடுவே பதினாறு சென்டிமீட்டர்.
ஒன்றரை வயது உடம்பு அதில் நுழைந்துவிடும்,
தலை நுழையாது.
டேப்பைச் சுருட்டிப் பையில் போட்ட பிறகும்
அந்த இடைவெளி கொஞ்ச நேரம்
என் கழுத்தைச் சுற்றி இருந்தது.

ஆறு ஓடுகிற ஊர்.
மணல் தொட்டியில் எம்-சாண்ட் கொட்டி வைத்திருக்கிறார்கள்.
ஒரு பயல் ஈரம் சேர்த்துக் கோபுரம் பிடித்துப் பார்த்தான்.
நிற்கவில்லை.
உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்த தங்கையிடம்
“ஏட்டி, இது பொய் மண்ணு” என்றான்.
மணலின் தரம் என்ற இடத்தில்
அதையே எழுதினேன்.

தச்சநல்லூரில் ராட்டினத்துக்கு
சைக்கிள் செயின் போட்டுப் பூட்டு.
சாவி யாரிடம் என்பதற்கு மூன்று பேர் மூன்று தெரு சொன்னார்கள்.
பேட்டையில்
பதினாலு வயதுக்காரர்கள் நாலு பேர்
சின்ன ஊஞ்சல்களில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து
எதுவும் ஆடாமல் இருந்தார்கள்.
என் அட்டையைப் பார்த்ததும் எழுந்தார்கள்.
எழுந்து போக
அவர்களுக்கு என்று ஒரு தாள் என்னிடம் இல்லை.

மேலப்பாளையத்துக்குப் போகும்போது
சாயங்காலம். மேற்கே மலைப் பக்கமிருந்து
சாரல் காற்று மட்டும் வந்தது, சாரல் வரவில்லை.
ஜன்னத்துக்கு ஒன்பது வயது இருக்கும்.
இடுப்பில் தம்பி.
காலிப் பலகையைக் கட்டைவிரலால் தள்ளுவதும்
அது திரும்பி வரும்போது விலகுவதுமாய் நின்றாள்.
தொட்டில் ஊஞ்சலுக்கு ஒரு பக்கச் சங்கிலி இல்லை.
கீழே இறக்கிவிடலாமென்றால் நெருஞ்சி.

“பிள்ளயக் குடு” என்றேன்.
என் அடையாள அட்டையைப் பார்த்தாள்,
அதிலிருக்கும் படத்தையும் என்னையும் பார்த்தாள்.
“எவ்ளோ நேரம்?”
“தாள் நெறையுத வரைக்கும்.”

முதலில் இடது செருப்பு பறந்தது,
அப்புறம் வலது.
முன்னால் போகும்போது அவள் கண்ணில்
தெருவும் மினாராவும் டிரான்ஸ்பார்மரும்.
பின்னால் வரும்போது ஒவ்வொரு தடவையும்
தலையைத் திருப்பி
தம்பி இருக்கிறானா என்று பார்த்தாள்.
சங்கிலி கிறீச்சிட்டதை நான் குறிக்கவில்லை.
எண்ணெய் போடுகிறோம் என்று கழற்றிக்கொண்டு போவார்கள்,
போனது வராது.

இல்யாஸ் பேனா மூடியைச் சப்பினான்,
டேப்பை ஒரு மீட்டர் வரை இழுத்தான்,
பிறகு அசையாமல் யோசித்தான்.
அது என்ன யோசனை என்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவளே இறங்கினாள்.
“போதும், உம்மா தேடும்.”
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு
அவனை வாங்கி இடுப்பில் வைத்தபோது
அவள் உடம்பு
இன்னும் முன்னும் பின்னும் லேசாக ஆடியது.

ஆவுடையப்பன் சார் தாள்களைப் புரட்டினார்.
“இது என்னம்மா, இடது பக்கம் முழுக்கக் கறை?”
“ஐந்து வயதுக்கு உட்பட்டோர் சார்.”
மூக்கருகே கொண்டுபோனார்,
உடனே கீழே வைத்தார்.

பதினேழு தாளுக்குக் காசு வந்திருக்கிறது.