மூன்று கோடுகள்

உள்ளே மைனஸ் ஆறு. வெளியே, இந்த நேரத்திலும், நாற்பது.
மால் மூடியபின் பனி பெய்ய வைப்பது என் வேலை.
பீரங்கி மாதிரிக் குழாய். திருகினால் மார்கழி.

விடிகாலை ஐந்துக்கு அவள் வருவாள்.
பெயர் மைதா.
எங்களூரில் அது பரோட்டா மாவு என்பதை
ஒருநாள் சொல்லித் தொலைத்தேன்.
என் சட்டைப் பட்டையைப் படித்தாள்: வில்லி.
வில்வநாதனில் அவ்வளவுதான் அச்சடித்திருந்தார்கள்.
தமிழில் அதற்கென்ன அர்த்தம் என்றாள்.
அதையும் சொன்னேன்.

அல் ஐன் சாலையில் குறுக்கே ஒட்டகம். அப்போது வயது பதினேழு.
இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது என்பாள்,
வானிலை சொல்வதுபோல.
ஒற்றைச் சறுக்குப்பலகைமேல் ஓர் இருக்கை,
கைகளில் குட்டிப்பலகை வைத்த இரண்டு ஊன்றுகோல்.
இறங்கிப் போனால் மூன்று கோடுகள்:
நடுவில் ஆழமாய் ஒன்று, இருபுறமும் மெலிசு.

இடக்கோடு அழுந்தியிருந்தால் தோள்வலி.
கோடு நின்று பள்ளம் தெரிந்தால் விழுந்திருக்கிறாள்.
முதல் வருஷம் முழுக்கப் பள்ளம்.
சரிவின் பாதியில் ஒரு வளைவு;
அங்கே மட்டும் எப்போதும் ஒரு முழம் அகலப் போவாள்.
எட்டு மணிக்குப் பிறந்தநாள் குழந்தைகள் வந்துவிடும்.
அதற்குள் எந்திரத்தை ஓட்டிக் கோடுகளை அழிப்பேன்.
ஒன்பது வருஷம் அழித்தேன்.

ஆஸ்திரியாவில் முப்பத்தொரு பேரில் முப்பத்தொன்றாவது.
அடுத்த முறை கேட்டைத் தவறவிட்டுத் தகுதியிழப்பு.
தோளில் இரண்டு ஆணி.
ஒரு வெண்கலம். இன்னொரு ஆணி.

பாராலிம்பிக் ஸ்லாலம் அன்று
சோனாப்பூர் அறையில் எட்டுக் கட்டிலுக்கு ஒரு போன்.
"பனி நம்ம கம்பெனியா?" மேல்கட்டில் அந்தோணி.
இல்லை. யாரும் திருகாமல் விழுந்தது.
பாதி மலையில் ஒரு வளைவு.
ஒரு முழம் அகலப் போனாள்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
திறந்தபோது முதல் வரியில் அவள் பெயர், பச்சையில்.
அறிவிப்பாளன் மைதா மைதா என்று கத்த
அறையே பரோட்டா கேட்டது.

திரும்பி வந்து, எடை பார் என்று நீட்டினாள்.
கையுறையோடு வாங்கினேன்.
"அங்கே போயும் அகலப் போனாயே?"
"வளைவின் உள்பக்கம் உன் பனி கண்ணாடி, வில்லி.
முதல் நாளிலிருந்தே.
பழகிவிட்டது."

நாலாம் குழாய்.
முனை அடைப்பு.
பனிக்குப் பதில் தண்ணீராய்த் துப்பியிருக்கிறது.

இனி போட்டி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.
அன்றிரவு
ஸ்பானர் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.