தேன்குழல் தோள்

நல்லெண்ணெய்க் கிண்ணத்தை
வெந்நீர்ச் சட்டியில் இறக்கி வைத்திருக்கிறேன்.
“காஞ்சிருச்சான்னு ஒரு சீடையப் போட்டுப் பாரேன்”
என்கிறாள் பூமயில்,
பாயில் குப்புறக் கிடந்தபடி.

இந்த ஆவணியில் ஏழு கல்யாணம்.
காரைக்குடிப் பலகாரக் கடையில்
நாளைக்கு முந்நூறு தேன்குழல் பிழிந்த வலது தோள்
இப்போது கொண்டை போடக்கூட மேலே வராது.
கொடியில் கிடக்கும் துண்டை எடுக்க
இடது கை போகிறது.
அதைப் பார்த்த எனக்கு
என்னவென்று கேட்க
நாலு நாள் ஆயிற்று.

பிசியோதெரபி பார்க்கும் பெண் கொடுத்த காகிதம்
காலண்டர் ஆணியில் தொங்குகிறது.
நாலு படம், நிறைய அம்பு.
முதுகெலும்பின் மேல் மட்டும்
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி:
இருபுறமும் போகலாம்,
அதன்மேல் ஏறக் கூடாது.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கு என்கிறது முதல் படம்.
தேய்த்தேன்.
உப்புத்தாள் இரண்டு உரசிக்கொண்ட சத்தம்.
பத்தொன்பது வருஷம் ஆத்தங்குடியில்
சிமெண்டும் மணலும் குழைத்த கை.
இடுப்பிலிருந்து கழுத்துக்கு நீளமாக ஓட்டி
தோளைச் சுற்றி இறக்க வேண்டும்.
ஓட்டினேன், கரணை பிடிக்கிற கணக்கில்.
“ஏய், பூக்கல்லா நானு? மட்டம் பாக்குற?”

சரி.
இன்னும் கொஞ்சம் எண்ணெய்.
போகும்போது பாரம், திரும்பும்போது பாரமில்லை.
ஒரு கை எழுந்தால் மறு கை
முதுகிலேயே இருக்க வேண்டும்,
விட்டுவிட்டுப் போய்விட்டதாக
உடம்பு நினைத்துக்கொள்ளுமாம்.

மூன்றாவது படம்:
தோள் சதையை மாவு பிசைவதுபோல்.
“எந்த மாவுன்னு போட்டிருக்கா?”
போடவில்லை.
“சீடை மாவுன்னு வச்சுக்க.
இறுக்கி உருட்டுனா எண்ணெயில வெடிச்சிரும்.
பட்டும் படாம.”
பட்டும் படாமலும் பிசைந்தேன்.
கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே
சதை வந்தது, நழுவியது,
திரும்ப வந்தது.
பேச்சு நின்றுவிட்டது அவளுக்கு.

தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில்
ஓரிடம்.
ஊறாத கொண்டைக்கடலை மாதிரி.
விரல் பட்டதும் பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
நசுக்காதே, நில் என்கிறது காகிதம்.
அவள் மூச்சை விடும்போது மட்டும்
அரைக்கால் நெல் அளவு கீழே போ.
நின்றேன்.
மூச்சு ஒன்று.
மூச்சு இரண்டு.
வெளியே புதுவயல் பஸ்ஸின் ஹாரன்.
மூன்றாவதோடு சேர்ந்து வந்தது:

“கையால சுத்துற அச்சு
புதுசா ஒண்ணு வாங்குனாக கடையில.
அமுக்கவே வேணாம், திருகுனாப் போதும்.
எனக்குத்தான் கேட்டேன்.
கண்ணாத்தாளுக்குக் குடுத்துட்டாக.”

இதற்குப் படம் இல்லை காகிதத்தில்.

கல் வார்க்கும்போது
கண்ணாடி மேல்தான் பூவை ஊற்றுவோம்.
தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்து
தானாகக் கழன்றுகொள்ளும் கண்ணாடி.
அவசரப்பட்டுப் பெயர்த்தால்
பூவும் கூடவே வந்துவிடும்.
கட்டை விரலை எடுக்காமல் இருந்தேன்.
“யாரு, அந்த மித்ராவயல் கண்ணாத்தாளா?” என்றேன்.
“ம்.”
“அவளுக்கு எந்தத் தோளு வலி?”
“அவளுக்கு எங்க வலி.
மொதலாளி ஊருக்காரி.”
சிரித்தாள். சிரிப்பு முதுகில் ஓடி
என் விரலுக்கு வந்தது.
கடலை கரையவில்லை.
ஓரம் மட்டும் கொஞ்சம் ஊறினாற்போல.

எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தாள்.
காது வரைக்கும் வந்தது.
கொண்டைக்கு இன்னும் ஒரு சாண்.
“நாளைக்கும் செய்வியா,
இல்ல இன்னைக்கு மட்டுமா?”
பதில் சொல்வதற்குள்
“மிச்ச எண்ணெயக் கொட்டிறாத” என்றாள்.

முனை உடைந்து கழித்துப் போட்ட
பச்சைப் பூக்கல் ஒன்று வாசல் ஓரம் கிடந்தது.
கழுவித் துடைத்து
கிண்ணத்தை மூடி வைத்தேன்,
பூ மேலே தெரிய.