வித்

எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
மெடிக்கல் ஷாப் மாடியில்
ஏழரை மணி வகுப்பு.
பலகையில் எழுதினேன்:
புட். அப். வித்.

தனித்தனியாய் எல்லாருக்கும் தெரியும்.
போடு. மேலே. கூட.
சேர்த்துக் கேட்டபோது
கண்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதும் தேசிங்கு
"மேல தூக்கிப் போட்டு வித்துட்றதா சார்?" என்றான்.
ஷமீமா சிரித்த சிரிப்பில்
பேனா மூடி பெஞ்சுக்கடியில் உருண்டது.

பொறுத்துக்கொள்வது, என்றேன்.
"இதுல எங்க சார் பொறுமை இருக்குது?"
வேதவல்லி கேட்டாள்.
தேடிப் பார்த்தேன். இல்லைதான்.
தமிழில் பொறு என்றாலே
தோள் கொஞ்சம் இறங்கிவிடுகிறது,
கொள் என்றதும் பாரம்
உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.
இதுவோ
லாரியில் சாமான் ஏற்றுகிறவன்
அவசரத்தில் சொன்னது மாதிரி இருக்கிறது.

அகராதியில் படித்ததைச் சொன்னேன்.
ஒரு காலத்தில் புட் அப் என்றால்
உருவிய வாளை உறையில் போடு.
அப்புறம், பட்ட அவமானத்தையும் அப்படியே
பதிலுக்குக் கை ஓங்காமல்
உள்ளே போட்டுக்கொள்வது.
வித் பிற்பாடு வந்து ஒட்டியது.

"அப்ப அது கத்தி வச்சிருந்தவன் வார்த்தை சார்"
என்றான் தேசிங்கு.
"நம்மகிட்ட இன்னா இருந்திச்சி, உள்ள போட?"

அப்போதுதான் ஜன்னல் வழியாக அது வந்தது.
மணலிப் பக்கத்திலிருந்து
வாரத்தில் மூன்று நாள் வரும்.
அழுகின முட்டை மாதிரி என்பார்கள்,
எந்த முட்டையும் தொண்டைக்குள் இப்படி நிற்காது.
ஷமீமா துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினாள்.
தேசிங்கு எழுந்து கதவைச் சாத்தினான்.
ஃபேன் அதையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது.
உதாரண வாக்கியம் கேட்கவேண்டிய நேரம்.
நான் கேட்கவில்லை.

வேதவல்லி பையிலிருந்து
ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்தாள்.
மனுவின் ஜெராக்ஸ்.
பையனுக்கு இளைப்பு, தெருவுக்கே இருமல்.
அறுபத்திரண்டு கையெழுத்து, எட்டுக் கைநாட்டு,
பதினாலு மாதம்.
ஓரத்தில் கோணலாய் ஒரு சுருக்கொப்பம், மேலே
புட் அப்.
"இதுல வித் இல்லியே சார்?"

இல்லை. இது ஆபீஸ் இங்கிலீஷ்.
கோப்பில் சேர்த்து என் மேஜைக்குக் கொண்டுவா என்று அர்த்தம்.
"வந்திச்சா?"
வந்திருக்கும். அதற்குக் கீழே பார்,
இன்னொரு பேனா, இன்னொரு புட் அப்.
அதற்கும் கீழே.
நாலு மேஜை, நாலு மை.
மேலே என்பது எத்தனையாவது மாடி என்று
எனக்கும் தெரியவில்லை.

அவள் பலகையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள்.
"காயிதம் மேல போச்சு.
வித் மட்டும் எறங்கி
எங்க தெருவுக்கு வந்துடுச்சு."

யாரும் பேசவில்லை.
கீழே ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்தது,
தட்டுத் தட்டு என்று யாரோ அதன் உடம்பில் அடித்தார்கள்.

ஷமீமாதான் கேட்டாள், பரீட்சைக் கவலையில்:
"இதுக்கு பாஸ்ட் டென்ஸ் இன்னா சார்?"
புட்தான்.
"நேத்துக்கும் புட்டா?"
நேற்றும் புட், இன்றும் புட்.
"நம்ம ஊர்ல புட்டுக்கிச்சுன்னா
போச்சுன்னு அர்த்தம் சார்" என்றான் தேசிங்கு.
இந்தத் தடவை ஷமீமா சிரிக்கவில்லை.

வேதவல்லி அவளிடம் ஒயிட்னர் வாங்கினாள்.
போன வருடத்துத் தேதி மேல் தடவி
ஊதினாள்.
"நல்லதாப் போச்சு.
மாறலன்னா திரும்ப எழுதத் தேவல்ல.
தேதி மாத்துனா போதும்."

ஓரத்து நாலு புட் அப்பையும் அழிக்கப் போனவள்
நிறுத்தி,
அவை அப்படியே இருக்கட்டும் என்று
மூடியைத் திருகினாள்.

ஜெராக்ஸ் கடை ஒன்பதுக்கு மூடிவிடும்.
பத்து நிமிடம் முன்னதாகவே
வகுப்பை விட்டேன்.