பதினாலு

இரை கோக்கும்போது தூண்டில்முள் ஏறிய கை
கரைக்கு வந்த மூன்றாம் நாள்
வேறு யாருடைய கையோ போலிருந்தது.
மோதிரம் இறங்கவில்லை.

குழித்துறை ஆஸ்பத்திரியில் ரெஜிலா டாக்டர்
கையைப் பார்த்துவிட்டு
"முந்தி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?" என்றார்.
இல்லை என்றேன்.
ஜெனிற்றா என் விலாவில் இடித்தாள்.
"கல்யாணத்துக்கு அடுத்த வருசம், பென்சிலின் ஊசி,
மேலெல்லாம் தடிச்சு உதடு வீங்கி
மூச்செடுக்க முடியாமக் கெடந்தது மறந்தாச்சா?"
மறந்துதான் போயிருந்தது.
எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டு
டாக்டர் வேறொன்று எழுதினார்.

பதினாலு குளிகை. ஏழு நாள்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கணும்,
விழுங்கின கையோடு படுத்தால் நெஞ்சுக்குழி புண்ணாகும்.
தடிப்போ மூச்சுமுட்டோ வந்தால் நிறுத்திவிட்டு ஓடி வரணும்.
வீக்கம் வடிந்துபோச்சே என்று மட்டும் நிறுத்தக் கூடாது.
அப்புறம், வெயிலில் நிற்காதே, தோல் வெந்துபோகும்.

ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"டாக்டரே, இவரு ஆழ்கடலுக்குப் போற ஆளாக்கும்."

ஏலக்கூடத்தில் கூட யாரும் அப்படிப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.
மூன்று நாள் கரையில் நிற்க வைத்தார்.
பிறகு கையைத் திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்து
உப்புத்தண்ணீர் படாத வேலை என்றால் போ என்றார்.

தேங்காய்ப்பட்டணத்து விளக்குகள் மறைந்தபோது
அட்டையில் எட்டு இருந்தது.
எனக்கு ஸ்டீரிங். முழுக்கைச் சட்டை, தலையில் துவர்த்து.
"மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்றார்கள்.
தூண்டில் வாங்கும் விடியலில் ஒன்று,
தூண்டில் விடும் அந்தியில் ஒன்று.
அளந்து குடிக்கிற தண்ணீரில்
பத்துப் பேர் பார்க்க நான் மட்டும் ஒரு தம்ளர்.

இரண்டாம் நாள் கை என் கையாகிவிட்டது.
முஷ்டி மடங்கியது.
அன்றைக்குத்தான் வறுவேலுக்குச் சளியும் காய்ச்சலும்.
"லேய், ஒனக்குத்தான் சுகமாச்சே.
ரெண்டு குளிகை தா."

எங்கள் போட்டில் பீடி பொது.
கம்பளி பொது. செத்துப்போன பாட்டரியைத் திட்டுவதும் பொது.
மீன் விற்றால் பங்கு, விற்காவிட்டால் கடனிலும் பங்கு.
வறுவேல் என் பெரியப்பா மகன்.
போன வருசம் நான் கடலில் விழுந்தபோது
கயிறு எறிய நேரமில்லாமல் அவனே எறிந்தவன்.

தர மாட்டேன் என்றேன்.
சளிக்கு இது கேட்காது, உனக்கு ஒத்துக்குமோ தெரியாது,
நான் பாதியில் விட்டால்
செத்ததுபோல் கிடக்கிற கிருமி எழும்பி வரும் என்று
டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.
கடல் நடுவில் அது பிசுநாறித்தனமாய்த்தான் கேட்டது.
அவன் முகம் திருப்பிப் படுத்தான்.

அவன் ராக்காவலை நான் நின்றேன்.
சுக்கும் மிளகும் தட்டிக் காப்பி வைத்தேன்.
என் தம்ளரில் அவனுக்கும் தண்ணீர்.
மூச்சு எப்படிப் போகிறது என்று தூங்கும்போது கேட்டுக்கொண்டேன்.
மோசமானால் கரைக்குப் பேசச் சொல்லி
வயர்லெஸ் ஆளிடம் சொல்லி வைத்திருந்தேன்.
நான்காம் நாள் எழும்பி மத்திச்சாளைக் குழம்பு கேட்டான்.
என்னிடம் கேட்கவில்லை.

முப்பத்தாறாம் நாள் கரை.
ஜெனிற்றா காலி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப்
பொத்துப்போன குழிகளை எண்ணினாள்.
பிறகு என் பெட்டியின் அடியில் துழாவினாள்:
பல்வலிக்கு வாங்கி மூன்றாம் நாள் விட்டது,
தொண்டைக்கு வாங்கி இரண்டாம் நாள் விட்டது,
என்றைக்காவது உதவும் என்று
நான் சேர்த்து வைத்த அரை அட்டைகள்.
ஒன்றும் பேசாமல் எல்லாம் ஒரு கவரில் கட்டி
மருந்துக்கடையில் என்ன செய்யலாமென்று கேட்கக் கொண்டுபோனாள்.

பங்கு பிரிக்கும் இடத்தில்
வறுவேல் ரூபாயை எண்ணிக்கொண்டே
தலை நிமிராமல் கூப்பிட்டான்:
"பதினாலு, ஒனக்கொள்ளத வாங்கிக்க."
எல்லாரும் சிரித்தார்கள்.
இப்போது போட்டில் எனக்கு அதுதான் பெயர்.