அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்

கோட்டையூர் கல்யாண மண்டபத்தில்
முகூர்த்தமில்லாத ஞாயிறு.
மொய் எழுதும் மேசையில் நடுவர்.
லீக்கின் நான்காம் சுற்று,
புதுவயல் அணிக்கு மூன்றாம் பலகை நான்.
எதிரே தேவகோட்டைச் சிகப்பி,
கறுப்புக் காய்களோடு.

அரிசி ஆலைக் கணக்குக்கு நடுவே
மூன்று மாதம் மனப்பாடம் செய்தது கிங்ஸ் கேம்பிட்.
இரண்டாம் நகர்விலேயே சிப்பாயை நீட்டினேன்,
கவருக்குள் நூற்றியொன்று வைத்துக் கொடுப்பது மாதிரி.
வாங்கிக்கொண்டால்
பதினாலாம் நகர்வு வரை எனக்குத் தெரியும்.

அவள் வாங்கவில்லை.
பத்திரிகை அடியில் பொடி எழுத்தில் போடுவார்களே,
அந்த மரியாதையோடு
மந்திரியை சி-ஐந்தில் வைத்துவிட்டு
பேனா மூடியைக் கடித்தாள்.

நான் கோட்டை கட்டும் வழியில்
மதியம் முழுக்க
மந்திரி ஒரு கண் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.
ராஜா நடுவாசலில் நின்றே வேர்த்தார்.
கோட்டையூர் போய்க்
கோட்டை கட்டாமல் தோற்றவன் என்று
நாளைக்கு ஆலையில் சொல்வார்கள்;
சொல்லட்டும், நானே சொல்லியிருப்பேன்.

இருபத்தேழில் கை கொடுத்தேன்.
"அந்தச் சிப்பாய எடுத்திருந்தீங்கன்னா..."
"எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க,
அதான் எடுக்கல."

சமையல்கட்டில் யாரோ டீக்கு இஞ்சி தட்டினார்கள்.
முதல் பலகையில் ராயப்பன் இன்னும்
தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
காய்களைப் பெட்டியில் போடும்போது கவனித்தேன்:
நான் நீட்டிய சிப்பாய்
நீட்டிய கட்டத்திலேயே இருந்தது,
கவர் பிரிக்காமல்.